சாம்பல் பூத்த கருப்பு

தில்லி கரோல்பாகில் கார் சாமான் கடைகள் வரிசைகட்டி நிற்கும் சந்து. ஜூன் மாத மதியம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர் தன் 11 வயதுக் காரை ஓரம் கட்டுகிறார். காரின் உடம்பில் பெரிய குறையில்லை. வெள்ளை பெயின்ட் பளிச்சென்று இருக்கிறது. எஞ்சின் சத்தம் போடாமல் ஓடுகிறது. ஆனால் பம்பரின் அடிப்பகுதி, சக்கரங்களைச் சுற்றிய வளைவு, கதவோரப் பட்டை, பக்கக் கண்ணாடியின் கூடு என்று எங்கெல்லாம் கருப்புப் பிளாஸ்டிக் இருக்கிறதோ அங்கெல்லாம் அடுப்புச் சாம்பலைத் தடவியதுபோல வெளுத்துக் கிடக்கிறது. காரை விலை பேச வந்த தரகர் முதலில் கை வைத்தது அதில்தான். ‘வண்டி வெயிலிலேயே கிடந்திருக்கிறது’ என்று சொல்லி, பேசிய விலையில் 15,000 ரூபாயைக் குறைத்துவிட்டுப் போனார்.

கடைப் பையன் ஒரு பாட்டிலையும் ஸ்பாஞ்சுத் துண்டையும் எடுத்து வருகிறான். ‘இரண்டே நிமிஷம், அங்கிள்’ என்கிறான். சொன்னபடியே இரண்டு நிமிடத்தில் பம்பர் ஷோரூமில் இருந்து வந்ததுபோல மினுங்குகிறது. 400 ரூபாய் கைமாறுகிறது. மூன்றாவது வாரம் தில்லியில் பருவமழை வந்தது. மழை நின்று கார் காய்ந்ததும் சாம்பல் நிறம் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. கூடுதலாக, கண்ணாடிக் கூட்டுக்குக் கீழே வெள்ளைக் கதவில் எண்ணெய் வழிந்த கோடுகள் வேறு.

நாடு முழுவதும் வெட்டவெளியில் கார் நிறுத்துகிற லட்சக்கணக்கானவர்களுக்கு இது தெரிந்த கதை. பாட்டில் ஏன் ஏமாற்றியது என்று புரிந்துகொள்ள, வேதியியல் பாடத்துக்கு முன்னால் வீட்டு அம்மிக்கல்லை நினைத்துப் பார்த்தால் போதும். காய்ந்து கிடக்கும் அம்மி சாம்பல் நிறம். அதன்மேல் தண்ணீர் தெளித்தால் கன்னங்கரேலென்று ஆகிறது. தண்ணீர் காய்ந்ததும் மீண்டும் சாம்பல். கல்லின் நிறம் மாறுவதில்லை. கல்லின் மேலுள்ள மேடு பள்ளங்களில் ஒளி பட்டுச் சிதறுவதால் வெளுப்பாகத் தெரிகிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பும்போது சிதறல் குறைந்து கருப்பு வெளியே வருகிறது. வெளுத்த பம்பர்மீது ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் இதே காட்சியைக் காணலாம்.

அதாவது, பம்பரின் கருப்பு நிறம் எங்கும் போய்விடவில்லை. அதற்குக் கருப்பைத் தருவது கார்பன் கரி. அது வெயிலுக்கு எளிதில் மசியாத பொருள். போனது மேல்தோல். காரின் பெரும்பாலான கருப்புப் பாகங்கள் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அடிபட்டால் உடையாமல் வளைந்து கொடுப்பதற்காக அதில் ரப்பர் கலக்கிறார்கள். விறைப்புக்காக டால்க் பொடி சேர்க்கிறார்கள். பாலிப்ரொப்பிலீனின் மூலக்கூறு நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பன் அணுவில் பிடிமானம் தளர்ந்த ஹைட்ரஜன் ஒன்று இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்ஸிஜனும் சேர்ந்து அந்த இடத்தைத் தாக்குகின்றன. சங்கிலி துண்டாகிறது. துண்டானது அடுத்ததைத் துண்டாக்குகிறது. இதைத் தாமதப்படுத்த ஒளியைத் தாங்கும் மருந்துகளைத் தொழிற்சாலையிலேயே கலந்து அனுப்புகிறார்கள். அவையும் ஒருநாள் தீர்ந்துபோகின்றன. பிறகு மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் வெடிக்கிறது. உள்ளே இருக்கும் டால்க் பொடி வெளியே தலைகாட்டுகிறது. விரலால் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டுகிறதே, அந்தச் சுண்ணாம்புத் தூள் இந்த அழிவின் மிச்சம்தான்.

கடைப் பையனின் பாட்டிலில் இருந்தது பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய். அம்மிமேல் தெளித்த தண்ணீர் செய்த வேலையைத்தான் அது செய்தது. தண்ணீரைவிடக் கொஞ்ச நாள் அதிகம் தங்கியது, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ், டீசல், பழைய எஞ்சின் ஆயில் என்று ஊருக்கு ஊர் உள்ள கைவைத்தியங்களின் ரகசியமும் இதேதான். எண்ணெய்ப் பசையில் தெருப் புழுதி வந்து ஒட்டுவது தனித் தொல்லை. டீசலும் ஆயிலும் பக்கத்தில் உள்ள ரப்பர் பீடிங்கை உப்ப வைத்துக் கெடுப்பது இன்னொன்று.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் இருந்தவை குரோமியம் பூசிய இரும்பு பம்பர்கள். அவை துருப்பிடிக்கும், ஆனால் வெளுக்காது. 1972-இல் பிரான்சில் வெளிவந்த ரெனோ 5 பிளாஸ்டிக் பம்பரைப் பரவலாக்கிய கார்களில் முன்னோடி. இந்தியாவில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு சின்னக் கார்களின் காலம் பிறந்தது. அதைத் தொடர்ந்து கருப்புப் பிளாஸ்டிக் தெருக்களை நிரப்பியது. கூடவே ஒரு ஜாதிப் பாகுபாடும் வந்தது. பம்பரும் கண்ணாடிக் கூடும் காரின் நிறத்திலேயே இருந்தால் அது விலை அதிகமான மாடல். கருப்பாக விட்டிருந்தால் அடிமட்ட மாடல். கருப்பு பம்பரைப் பார்த்தே சொந்தக்காரரின் சம்பளத்தைக் கணக்குப் போட்டவர்கள் உண்டு. அதை மறைக்கக் காரின் நிறத்தையே பம்பருக்கும் அடித்துக்கொண்டவர்களும் உண்டு. அப்படி அடித்த பெயின்ட் ஆறே மாதத்தில் தோல் உரிந்து தொங்கியதைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள்.

பிறகு காற்று திசை மாறியது. 2012-இல் ரெனோ டஸ்டர், 2013-இல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட், 2016-இல் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா என்று எஸ்.யு.வி. மோகம் பிடித்தது. காட்டுமேட்டில் போகிற வண்டி என்று தோன்ற, சக்கர வளைவிலிருந்து கதவு அடிவரை கருப்புப் பிளாஸ்டிக் கவசம் கட்டிக்கொள்வது நாகரிகமாயிற்று. சிக்கனத்தின் அடையாளமாக இருந்தது வீரத்தின் அடையாளமானது. பிளாஸ்டிக்குக்கு இதெல்லாம் தெரியாது. முன்பைவிடப் பெரிய பரப்பில் வெளுக்கத் தொடங்கியது.

செக்‌ஷன் ஆபீசர் அடுத்ததாக எடுத்த முடிவு பெயின்ட் அடிப்பது. ஹார்டுவேர் கடையில் கருப்பு ஸ்ப்ரே டப்பா இரண்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை காரைக் கழுவி, துடைத்து, அடித்தார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு மாதம் கழித்து, கார் கழுவும் பையன் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியபோது சக்கர வளைவிலிருந்து பெயின்ட் பாம்புச் சட்டைபோலக் கழன்று வந்தது. உரிந்த இடத்தில் சாம்பல், உரியாத இடத்தில் கருப்பு. முன்பிருந்த சாம்பலே மேல் என்ற நிலை.

இங்கே குற்றவாளி பெயின்ட் அல்ல. பாலிப்ரொப்பிலீனின் குணமே எதனோடும் ஒட்டாமல் இருப்பதுதான். தாமரை இலைத் தண்ணீர் என்பார்களே, கிட்டத்தட்ட அப்படித்தான். மேற்பரப்பு ஆற்றல் குறைவான பொருள் என்று பொறியாளர்கள் இதைச் சொல்வார்கள். அதன்மேல் விழும் திரவம் பரவாமல் தன்னை உருட்டிக்கொள்ளப் பார்க்கிறது. இரும்புக்கு அடிக்கும் ப்ரைமரும் அங்கே நிற்காது. பட்டி போட்டாலும் பெயர்ந்து வரும். கார்த் தொழிற்சாலையில் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் முன் அதன்மேல் நெருப்புச் சுவாலையை நொடி நேரம் ஓட்டுவது ஒரு முறை. அந்தச் சூட்டில் மேற்பரப்பு சற்றே ஆக்ஸிஜன் ஏறி, பெயின்ட்டை ஏற்றுக்கொள்ளும் மனநிலைக்கு வருகிறது. வீட்டிலும் பட்டறையிலும் அதற்கு மாற்று, பிளாஸ்டிக் ப்ரைமர் என்று கடைகளில் கிடைக்கும் ஒட்டுப் பூச்சு. குளோரின் ஏற்றிய பாலியோலிஃபின் அதில் வேலை செய்கிறது. அதன் ஒரு பக்கம் பிளாஸ்டிக்கின் உறவு, மறு பக்கம் பெயின்ட்டின் உறவு. கல்யாணத் தரகர் மாதிரி நடுவில் நின்று இரண்டையும் சேர்த்து வைக்கிறது.

ஹீட் கன்னால் சூடு காட்டினால் கருப்பு திரும்பி வரும் என்று சில பட்டறைகளில் செய்து காட்டுவதுண்டு. வரும் என்பது உண்மை. மேல்தோல் இளகி வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. ஆனால் தீர்ந்துபோன பாதுகாப்பு மருந்து திரும்பி வருவதில்லை. ஆகவே வெயில் தன் வேலையை மறுபடி ஆரம்பிக்கிறது. கை கொஞ்சம் தவறினால் பாகம் கோணிவிடும், பக்கத்துப் பெயின்ட் கொப்பளிக்கும்.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு செக்‌ஷன் ஆபீசர் பட்டறைக்குப் போனார். மேற்குத் தில்லியில் டென்டிங்-பெயின்ட்டிங் பலகை தொங்கும் ஒரு ஷெட். உள்ளே இருபது வயது சொல்லக்கூடிய ஒரு பையன், கையில் ஸ்ப்ரே கன், மூக்கில் கைக்குட்டை. கதவு பாதி மூடியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் வாசனை வருகிறது என்று சண்டை போடுவாராம். ‘கெட்டி பெயின்ட் சாப், பி.யு. பெயின்ட். ஹார்ட்னர் கலந்து அடித்தால் ஐந்து வருஷம் பேசாது’ என்றான் அவன். நடுநடுவே இருமினான். பிளாஸ்டிக் ப்ரைமர் போடுவாயா என்று கேட்டதற்கு, போட்டால் ஒருநாள் கூட ஆகும், யாரும் கேட்பதில்லை என்றான்.

அந்த ஹார்ட்னரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயின்ட்டின் உறுதிக்குக் காரணம் அதில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள். காற்றில் மூடுபனியாகப் பறக்கும்போது அது நுரையீரலைப் பதம் பார்க்கிறது. கார் ஸ்ப்ரே பெயின்டர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமா வரும் முக்கியக் காரணங்களில் இது ஒன்று என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்த விஷயம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு துளியளவு பட்டாலும் மூச்சிறைக்கும். தொழிலையே விட வேண்டியிருக்கும். கைக்குட்டையும் தூசி முகமூடியும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய்வழி கொண்டுவரும் முகமூடியும், காற்றை இழுத்து வெளியேற்றும் அறையும் வேண்டும். பெரிய சர்வீஸ் சென்டர்களில் இவற்றுக்கு வழி உண்டு. சந்துப் பட்டறைகளில் கைக்குட்டைதான். ஆயிரம் ரூபாய் குறைவாகச் சொல்லும் பட்டறை அந்த ஆயிரத்தை எங்கே மிச்சம் பிடிக்கிறது என்று காரைக் கொண்டுவிடுகிறவர்கள் கேட்பதில்லை.

இந்தச் சின்ன வேலையின் கணக்கே இதுதான். பிளாஸ்டிக்கை ஒழுங்காகக் கருப்பாக்கத் தேவைப்படுவது விலை உயர்ந்த பெயின்ட் அல்ல, நேரம். ஸ்ப்ரே அடிப்பது பதினைந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் உள்ள தயாரிப்பும் நடுவில் உள்ள காத்திருப்பும்தான் இரண்டு நாள். அந்த நேரத்தைக் காரின் சொந்தக்காரர் செலவழிக்கவில்லை என்றால் வேறு யாராவது ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. பளபளப்பைப் பார்த்துக் காரை வாங்கி முதல் மழையில் விழிக்கிற ஒருவர். அல்லது அவசரத்துக்குக் கதவை மூடிக்கொண்டு பெயின்ட் அடிக்கிற ஒரு பையன்.

அக்டோபர். நவராத்திரி முடிந்து கொலுப் படிகளைக் கழற்றி வைத்த வாரம். தில்லியில் மழையும் இல்லை, கடும் வெயிலும் இல்லை. பெயின்ட்டுக்கு உகந்த பருவம். மே மாதச் சூட்டில் பெயின்ட் துளி காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். சென்னை, மும்பை மழைக்கால ஈரத்தில் பெயின்ட் காயும்போது வெளுப்புப் பூக்கும். வடக்கின் ஜனவரிக் குளிரில் காயவே காயாது. செக்‌ஷன் ஆபீசர் மூன்றாவது முறையாக வேலையைத் தொடங்கினார். இந்த முறை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசை எண் போட்டு எழுதி வைத்துக்கொண்டார். அலுவலகப் பழக்கம்.

முதல் வேலை, எந்தப் பாகம் எந்தப் பிளாஸ்டிக் என்று பார்ப்பது. கழற்ற முடிந்த பாகத்தின் பின்புறம் அம்புக் குறிகளுக்கு நடுவே எழுத்துகள் அச்சாகியிருக்கும். ‘பி.பி.’ என்று தொடங்கினால் பாலிப்ரொப்பிலீன். அதற்கு ஒட்டுப் பூச்சு இல்லாமல் எதுவும் நடக்காது. ‘ஏ.பி.எஸ்.’ என்றிருந்தால் வேறு வகை. பெயின்ட்டை நன்றாகவே ஏற்கும். ஆனால் காட்டமான தின்னர் பட்டால் அரித்து வெடிக்கும். கண்ணாடிக் கூடும் முன் கிரில்லும் பல கார்களில் இந்த ரகம். அடுத்து, ஓரத்தை விரலால் லேசாக வளைத்துப் பார்க்க வேண்டும். வளைத்த இடத்தில் வெடிப்பு ஓடினால் அழிவு ஆழமாகப் போயிருக்கிறது என்று பொருள். அதற்குப் பெயின்ட் வீண் செலவு. பாகத்தையே மாற்றுவது மேல்.

இன்னொரு சோதனையும் உண்டு. எல்லா வெளுப்பும் வெயிலால் வந்ததல்ல. காருக்கு மெழுகு பாலிஷ் போடும்போது பக்கத்துப் பிளாஸ்டிக்கின் சொரசொரப்பில் அது புகுந்து காய்ந்து வெள்ளைத் திட்டாக நிற்கும். சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும், போய்விடும். டூத் பிரஷால் தீர்கிற வியாதிக்கு ஆபரேஷன் தேவையில்லை.

இரண்டாவது வேலை கழுவுவது. முன்பு பூசிய சிலிக்கான் எண்ணெய்தான் இப்போது பெரிய எதிரி. அது ஒரு துளி மிச்சமிருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகிச் சின்னச் சின்ன வட்டக் குழிகள் விழும். பட்டறைக்காரர்கள் இதை மீன் கண் என்பார்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைப் போட்டுப் பிரஷால் இரண்டு முறை தேய்த்து அலசி, காய்ந்த பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். துணியில் அழுக்கு வராத வரை துணியை மாற்றிக்கொண்டே துடைக்க வேண்டும். செக்‌ஷன் ஆபீசருக்கு ஒரு பழைய வேட்டி முழுவதும் செலவானது.

மூன்றாவது, தேய்ப்பது. வழவழப்பான பாகமானால் 400 அல்லது 600 நம்பர் வாட்டர் பேப்பர். சொரசொரப்பான வடிவம் அச்சடித்த பாகமானால் வாட்டர் பேப்பர் கூடாது. அது மேடுகளை மட்டும் மழித்துத் திட்டுத் திட்டாக்கிவிடும். பாத்திரம் தேய்க்கும் நார்ப் பட்டை மாதிரி, பட்டறைக்கென்று விற்கும் மெல்லிய நார்ப் பட்டை போதும். செத்த தோல் தூளாக வெளியேறி, உயிருள்ள பிளாஸ்டிக் தட்டுப்படும்வரை தேய்க்க வேண்டும். அவர் முதல் முறை தோற்றது பாதி இங்கேதான். சுண்ணாம்பு உதிரும் சுவர்மேல் வெள்ளையடித்தால் வெள்ளை சுவரில் ஒட்டுவதில்லை, சுண்ணாம்புத் தூளில் ஒட்டுகிறது. தூள் விழும்போது கூடவே விழுகிறது. தேய்த்த பிறகு மறுபடி அலசல், மறுபடி ஆல்கஹால், பிறகு நன்றாகக் காய்தல். பள்ளத்திலும் திருகு ஓரத்திலும் ஈரம் ஒளிந்திருக்கும்.

நான்காவது, மறைப்பது. மாஸ்கிங் டேப்பும் பழைய நியூஸ் பேப்பரும். பெயின்ட் மூடுபனி ஐந்தாறு அடிக்கு அப்பாலும் போய்ப் படியும். பக்கத்துக்காரரின் கார் அருகில் நின்றால் அதை நகர்த்தச் சொல்வது நல்லது. ஜன்னல் ஓர ரப்பர் பீடிங்குக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது. அது ஓயாமல் மடங்குவதால் பெயின்ட் வெடித்துவிடும். பார்க்கிங் சென்சர்களையும் சிவப்புப் பிரதிபலிப்பான்களையும் மூடிவிட வேண்டும். சென்சர்மேல் தடித்த பெயின்ட் ஏறினால் பின்னால் இருக்கும் சுவர் அதற்குத் தெரியாது.

ஐந்தாவதுதான் ஸ்ப்ரே. முதலில் பிளாஸ்டிக் ப்ரைமர். டப்பாவில் சொல்லியிருப்பதற்கு மேல் ஏற்றக் கூடாது. ஒட்டுப் பூச்சு தடித்தால் அதுவே நடுவில் பிளந்துகொள்ளும். பத்து நிமிடம் கழித்துக் கருப்பு. பளபளக்கும் கருப்பு அல்ல, மங்கலான கருப்பு. பம்பர் பிளாக் என்றே டப்பாக்கள் கிடைக்கின்றன. 20 முதல் 25 செ.மீ. தூரம், ஒரே வேகத்தில் கை ஓட்டம். விளிம்பைத் தாண்டிய பிறகே விரலை எடுப்பது. முதல் கோட்டில் அடியில் உள்ள சாம்பல் தெரியத்தான் செய்யும். தெரியட்டும். மூன்று மெல்லிய கோட் செய்வதை ஒரு தடித்த கோட் செய்யாது. அது வழிந்து ஓடும். டப்பாவில் வரும் சாதாரண ஒற்றைப் பாகப் பெயின்ட்டில் பொதுவாக ஐசோசயனேட் இருப்பதில்லை என்பது ஆறுதல். ஆனால் அதன் கரைப்பானும் உடம்புக்கு நல்லதல்ல. திறந்தவெளி, ரசாயன ஆவியைத் தடுக்கும் முகமூடி, கையுறை மூன்றும் வேண்டும். பக்கத்தில் பீடியோ அகல் விளக்கோ இருக்கக் கூடாது. அடியில் ஒரு பொத்தானை அமுக்கி ஹார்ட்னரைக் கலந்துகொள்ளும் டப்பாக்களும் விற்கின்றன. அவை வீட்டு வாசலுக்கு உரியவை அல்ல.

ஆறாவது, சும்மா இருப்பது. தொட்டால் ஒட்டாத நிலை அரை மணி நேரத்தில் வரும். அது காய்ந்ததாகாது. ஒரு வாரத்துக்குக் கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது. பெரும்பாலோர் தோற்பது இந்தக் கடைசிப் படியில்.

செக்‌ஷன் ஆபீசர் எடுத்த எடுப்பில் முழுக் காரையும் தொடவில்லை. பின் சக்கர வளைவின் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் எல்லாப் படிகளையும் செய்து பார்த்தார். ஒரு வாரம் கழித்துப் பிளேடால் அதில் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டங்கள் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்தார். பெயின்ட் வரவில்லை. தொழிற்சாலைகளிலும் பெயின்ட்டின் பிடிமானத்தை இப்படித்தான் சோதிக்கிறார்கள். அடுத்த இரண்டு வார இறுதிகளில் மற்ற பாகங்கள் முடிந்தன. பெயின்ட், ப்ரைமர், டேப், ஆல்கஹால் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் அடங்கியது. முதுகு வலிக்குத் தைலம் தனி.

இனி விற்கலாமா? இங்கே ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. இந்தியாவில் இப்போது புதிய கார்களைவிடப் பழைய கார்களே அதிகமாகக் கைமாறுகின்றன. விற்பவர் முகம் கழுவிப் பொட்டு வைத்துத்தான் காரை நிறுத்துகிறார். வாங்குகிறவர் ஏமாறாமலிருக்க எளிய வழிகள் உண்டு. ஒரு வெள்ளைத் துணியால் கருப்புப் பிளாஸ்டிக்கை அழுத்தித் துடைத்துப் பார்க்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு வந்தால் அந்தக் கருப்புக்கு ஆயுள் அடுத்த மழைவரை. திருகுத் தலையிலும் ரப்பர் ஓரத்திலும் கருப்புத் தூவல் இருந்தால் பெயின்ட் அடித்தது. அடித்திருப்பது குற்றமில்லை. ஆனால் காரின் ஒரு பக்கம் மட்டும் புதுக் கருப்பாக இருந்தால், அந்தப் பக்கம் எங்கே மோதியது என்று கேட்க வேண்டும். எல்லாப் பக்கமும் வெயில் பட்டு வெளுப்பது இயற்கை. ஒரு பக்கம் மட்டும் இளமை திரும்புவது இயற்கையல்ல.

தீபாவளிக்குப் பிறகு காரைப் பார்க்க வந்தவர் தரகர் அல்ல. அதே குடியிருப்பில் புதிதாகக் குடிவந்த இளைஞர். திருநெல்வேலிக்காரர். முதல் வேலை, முதல் கார். சுற்றி வந்து பார்த்துவிட்டு, ‘பம்பர் எல்லாம் புதுசா மாத்தினீங்களா சார்?’ என்று கேட்டார்.

‘மாத்தலை தம்பி. வெளுத்துப் போயிருந்தது. நானே பெயின்ட் அடிச்சேன்’ என்றார் செக்‌ஷன் ஆபீசர். முதல் தடவை உரிந்து வந்ததையும் சேர்த்தே சொன்னார். பின் சக்கர வளைவின் உள்பக்கம் குனிந்து, பிளேடால் கீறிய கட்டங்களைக் காட்டினார்.

தரகர் குறைத்த 15,000 ரூபாயில் பாதியை இளைஞர் குறைத்துக் கேட்டார். பேரம் அதோடு முடிந்தது. சாவியோடு ஒரு பிளாஸ்டிக் பையும் கைமாறியது. அதில் பாதி தீர்ந்த பம்பர் பிளாக் டப்பா, கொஞ்சம் ப்ரைமர், வரிசை எண் போட்ட நோட்டுப் புத்தகம். ஆறாவது எண்ணுக்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு போட்டிருந்தது.